பலமான கேரக்டரைத் தடை செய்யலாமா? கிருஷ்ணகிரி டிஎம் தம்பிக்கு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது: கிருஷ்ணகிரியில் ஐந்து நண்பர்கள் ஞாயிறு மதியம் கூடி டி&டி ஐந்தாம் பதிப்பு ஆடுகிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பதன் சுருக்கம் அது, ஆளுக்கொரு கேரக்டரை நடித்து, பகடை உருட்டி, சேர்ந்து கதை சொல்லும் ஆட்டம். கையில் இருப்பது 2014 புத்தகம். கேட்டவர்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவர். கதை 1790-களின் பாரமகாலில், அதாவது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் நடக்கிறது, கொஞ்சம் மந்திரம் கலந்து. நால்வரில் ஒருவர் புத்தகத்தையும் நெட்டையும் அலசி ஒரு பார்பேரியனை, அதாவது வெறிகொண்டு அடிக்கும் வீரனைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஐந்தாம் லெவல் வந்ததிலிருந்து எந்தச் சண்டையும் அவர் கையிலேயே முடிந்துவிடுகிறது, மற்றவர்கள் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். "அண்ணா, ஃபீட், மல்டிகிளாஸ், புது ரேஸ் எல்லாத்தையும் மொத்தமா தடை பண்ணிடலாமா? பண்ணினா அவன் கோச்சுக்கிட்டு வரமாட்டான்" என்று கேட்டிருக்கிறார். (கிளாஸ் என்பது கேரக்டரின் தொழில், மல்டிகிளாஸ் இரண்டு தொழிலைக் கலப்பது, ரேஸ் என்பது இனம், ஃபீட் என்பது தனியாக எடுத்துக்கொள்ளும் சிறப்புத் திறமை.)

தம்பி, மொத்தமாகத் தடை செய்ய வேண்டாம். அதற்காகத் தடையே கூடாது என்பவர்கள் பக்கமும் நான் இல்லை. தர்மபுரியில் பல வருடமாக டிஎம் வேலை பார்க்கிறேன், என் மேசையில் எப்போதும் சில கட்டுப்பாடுகள் உண்டு. எதைக் கட்டுப்படுத்துகிறோம், எப்போது சொல்கிறோம், பதிலுக்கு என்ன தருகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது மேசையை வளர்ப்பதும் உடைப்பதும். நீங்கள் எழுதியதைப் படித்த வரை, அந்த பார்பேரியனின் பலத்தைவிட அவனுக்கும் பக்கத்தில் நிற்பவனுக்கும் நடுவே உள்ள தூரம்தான் உங்கள் சிக்கல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் வைத்தியம் வேறு.

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். பார்பேரியன் ஐந்தாம் லெவல், ஸ்ட்ரெங்த் 18, கையில் கிரேட்சோர்ட், கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட். அந்த ஃபீட் இருந்தால் அடிக்கும் ரோலில் 5 குறைத்துக்கொண்டு டேமேஜில் 10 கூட்டிக்கொள்ளலாம். ரெக்லெஸ் அட்டாக் இருப்பதால் ஒவ்வொரு டர்னும் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்கிறார். எதிரே ஓர் ஓகர், அதாவது முரட்டு அரக்கன் நிற்கிறது: ஆர்மர் கிளாஸ் (அடி படத் தொட வேண்டிய எண்) 11, ஹிட் பாயிண்ட் (உயிர்) 59. இருபது முகப் பகடையோடு அவர் கூட்டிக்கொள்ளும் +7 என்பது +2 ஆகக் குறைந்தாலும் 9 விழுந்தால் போதும். இரண்டு பகடையில் ஏதாவது ஒன்றில் அது விழ 84 சதவீதம் வாய்ப்பு. விழுந்த அடி ஒவ்வொன்றும் சராசரி 21. டர்னுக்கு இரண்டு அடி. ஆக, ஒரு டர்னுக்குச் சுமார் 35. ரேஜ் என்ற வெறி தரும் கூடுதலையும், கிரிட்டிக்கல் என்ற பலத்த அடியையும் நான் சேர்க்கவே இல்லை. ஓகர் இரண்டாவது டர்னில் கீழே விழுந்துவிடும்.

இப்போது அதே மேசையில் உட்கார்ந்திருக்கும் கோட்டைக் காவல்காரன் ஃபைட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பாளையக்காரர் வீட்டுப் பிள்ளை, பேச்சில் கெட்டிக்காரன் என்று கதை எழுதிக்கொண்டு கரிஸ்மாவுக்குப் பெரிய எண்ணைக் கொடுத்துவிட்டார், ஸ்ட்ரெங்த் 14-இல் நின்றுவிட்டது. நான்காம் லெவலில் கிடைத்த +2-ஐயும் கரிஸ்மாவிலேயே போட்டார் என்கிறீர்கள். அடிக்க +5. ஓகர் மேல் 75 சதவீதம். லாங்சோர்டு சராசரி 6.5. இரண்டு அடிக்கும் சேர்த்து டர்னுக்கு 10-க்குச் சற்றுக் குறைவு. தனியாக அந்த ஓகரை வீழ்த்த ஆறு டர்ன் தாண்டும். இரண்டு எங்கே, ஆறு எங்கே. ஆறு டர்ன் தேவைப்படும் ஆளுக்கு அவருடைய முறை வரும்போது ஓகரே இருக்காது. அவர் போனை எடுப்பதில் என்ன ஆச்சரியம்?

இந்த இடத்தில் பெரும்பாலான டிஎம்கள் செய்யும் வேலை, எதிரிகளின் ஆர்மர் கிளாஸை ஏற்றிவிடுவது. அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஓகர் மேல் அந்த ஃபீட் ஓர் அடிக்கு ஏறக்குறைய 7 கூட்டித் தருகிறது. கேடயமும் செயின் மெயிலும் போட்ட ஹாப்காப்ளின் என்ற பூத வீரன் போல ஆர்மர் கிளாஸ் 18 வைத்திருக்கும் எதிரி மேல், அட்வான்டேஜோடு, அதாவது அந்த இரண்டு பகடையோடு அடித்தாலும், ஓர் அடிக்குச் சராசரி ஃபீட் இல்லாமல் 8.25, ஃபீட்டோடு 9.19. ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் அதே ஹாப்காப்ளின் மேல் உங்கள் காவல்காரனின் வாய்ப்பு 75-லிருந்து 40 சதவீதமாக இறங்கிவிடும். இருவருக்கும் நடுவே உள்ள விகிதம் அப்படியே மூன்றரை மடங்கில்தான் நிற்கும். பலசாலிக்கு வைத்த அடி முதலில் விழுவது பலவீனன் முதுகில்.

அதனால் மேல்பக்கத்தை வெட்டும் முன் கீழ்ப்பக்கத்தை ஏற்றுங்கள். காவல்காரனை வைத்திருக்கும் நண்பரோடு தனியாக ஒரு டீ சாப்பிடும் நேரம் உட்கார்ந்தால் போதும். புத்தகத்தில் உள்ள வழக்கமான எண் வரிசை 15, 14, 13, 12, 10, 8. பதினைந்தை ஸ்ட்ரெங்த்துக்கும் பதின்மூன்றைக் கரிஸ்மாவுக்கும் மாற்றி வைக்கட்டும். மனித இனம் என்றால் எல்லாவற்றிலும் ஒன்று கூடும்: ஸ்ட்ரெங்த் 16, கரிஸ்மா 14. நான்காம் லெவலின் +2-ஐ ஸ்ட்ரெங்த்தில் போட்டால் 18. ஃபைட்டிங் ஸ்டைலை (சண்டைப் பாணியை) டூயலிங் என்ற ஒற்றை ஆயுதப் பாணியாக மாற்றினால் டேமேஜில் இன்னும் 2. இப்போது அதே ஓகர் மேல் டர்னுக்கு ஏறக்குறைய 18. நான்காவது டர்னில் ஓகர் விழும். ஆக்‌ஷன் சர்ஜை (ஃபைட்டருக்கு ஒரே டர்னில் இன்னொரு முறை கிடைக்கும் வாய்ப்பை) இரண்டு கணக்கிலுமே நான் எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்தால் இன்னும் நெருங்கும். கேடயம் கையில் அப்படியே இருக்கிறது, ஆகவே பார்பேரியனைவிட இவன்தான் அடி வாங்காமல் நிற்பான். பாளையக்காரர் பிள்ளை கதையில் ஒரு வரிகூட மாறவில்லை, கரிஸ்மா 14 என்பதும் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

இரண்டுக்கு நான்கு என்பது நல்ல மேசை. எல்லோரும் சமமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிக்கு எதிரே பதினைந்து ஆடு. ஆட்டுக்கு வெட்டும் உரிமையே இல்லை, ஆனாலும் ஆடு பக்கம் உட்கார்ந்தவருக்குச் செய்ய வேலை இருக்கிறது, ஜெயிக்கவும் வழி இருக்கிறது. உங்கள் மேசையிலும் ஒவ்வொருவரும் தன் முறையில் எதையாவது மாற்ற முடிய வேண்டும், அவ்வளவுதான்.

கேரக்டரைக் கூர்தீட்டுபவருக்கு நடிப்பும் கதையும் வராது என்று ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. இந்த ஆட்டக்காரர்களிடையே அதற்கு ஸ்டார்ம்விண்ட் ஃபாலஸி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்: கணக்கும் கதையும் ஒன்றையொன்று தின்னும் என்று நினைப்பது பிழை. நானும் அதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் வாரம் முழுக்க விதிப் புத்தகத்தைப் புரட்டுகிறார் என்றால் உங்கள் ஆட்டத்தை அந்த அளவுக்கு விரும்புகிறார் என்று அர்த்தம். அந்த ஆளைக் குற்றவாளிபோல நடத்தினால் மேசையில் விதி தெரிந்த ஒரே ஆளையும் இழப்பீர்கள். காவல்காரனை மாற்றிக் கட்டும் அந்த டீக்கு அவரையும் கூப்பிடுங்கள். "மச்சி, உனக்குத்தான் இது கைவந்த கலை. அவனோட காவல்காரனை உன் பக்கத்துல நிக்கிற மாதிரி செஞ்சு குடு, கதையை மட்டும் தொடாத" என்று கேளுங்கள். பெரும்பாலும் முகம் மலர்ந்துவிடும்.

சரி, இனி தடைகள். விதியில் கட்டுப்பாடு வைப்பது ஏதோ டிஎம் செய்யும் அராஜகம் என்று சில இளைஞர்கள் நினைக்கிறார்கள். இந்த ஆட்டம் பிறந்ததே கட்டுப்பாட்டோடுதான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் கொண்டுவந்த ஆட்டத்தின் அட்வான்ஸ்டு பதிப்பில், 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில், பாலடின் (புனித வீரன்) ஆக வேண்டுமானால் மனிதனாக இருக்க வேண்டும், கரிஸ்மா குறைந்தது 17 இருக்க வேண்டும். மூன்று ஆறுமுகப் பகடையை உருட்டினால் 17 அல்லது 18 விழுவது 216-இல் 4 தடவை. மனிதர் அல்லாத இனங்களுக்குப் பல கிளாஸ்களில் லெவல் உச்சவரம்பும் உண்டு. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தக் கதவுகளை அகலத் திறந்தது. எந்தக் கிளாஸையும் எதோடும் கலக்கலாம் என்றானதும் கேரக்டர் கட்டுவதே தனிக் கலையாக வளர்ந்தது. அந்தக் காலத்தில் எழுந்ததுதான் பன்-பன் என்ற கோபோல்டு (குட்டிப் பல்லி இனத்து ஆள்): விதிகளை ஒன்றோடொன்று கோத்து எல்லையில்லாத சக்தி பெற்றுவிடும் ஒரு காகிதக் கணக்கு. அதை யாரும் ஆடுவதற்காகச் செய்யவில்லை, விதிகள் எங்கே வாய் பிளக்கின்றன என்று காட்டத்தான் செய்தார்கள்.

உங்கள் 2014 புத்தகத்தில் ஃபீட், மல்டிகிளாஸ் இரண்டுமே விருப்ப விதிகள் என்று அச்சிலேயே இருக்கிறது. டிஎம் சரி என்றால்தான் உண்டு. ஆகவே அவற்றை வைக்காமல் விடுவது தடை ஆகாது. ஆனால் ஒன்று: ஆரம்பத்தில் சரி என்று சொல்லிவிட்டு ஐந்தாம் லெவலில் பிடுங்கினால், புத்தகம் உங்கள் பக்கம் இருந்தாலும் நியாயம் அவர் பக்கம். ஒன்றாம் லெவலிலிருந்து இந்த ஃபீட்டுக்காகவே அவர் மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்துக் கட்டியிருப்பார். பதிப்பாளர்களே வெளியான பிறகு திருத்தியதும் உண்டு. ஹீலிங் ஸ்பிரிட் என்ற ஸ்பெல் (மந்திரம்) சண்டை முடிந்ததும் கூட்டத்தையே குணமாக்கிவிடுகிறது என்று 2020-இல் எண்ணிக்கை வரம்பு போட்டார்கள். அது எல்லா மேசைக்கும் பொதுவாக வந்தது. உங்கள் மேசையில் ஐந்தாம் லெவலில் வரும் தடை ஒரே ஒருவர் மேல்தான் விழும், அவருக்கும் அது தெரியும்.

அப்படியானால் எதைக் கட்டுப்படுத்தலாம்? நான் பார்ப்பது ஒன்றைத்தான். என் கதை எந்தக் கேள்வியைக் கேட்கிறது, எந்த விதி அதற்குச் சும்மா விடை கொடுத்துவிடுகிறது?

உங்கள் கதை பாரமகால் கோட்டைகளைச் சுற்றியது. கிருஷ்ணகிரி மலையைத் தினமும் பார்க்கிறீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை கீழ்க்கோட்டை வரை வந்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாரமகால் அவர்கள் கைக்குப் போனது. ஏறுவதற்கு அத்தனை கடினமான அந்தப் பாறைதான் உங்கள் கதையின் உயிர். ஆரகோக்ரா என்ற பறவை மனிதர் போன்ற இனத்தை எடுத்தால் ஒன்றாம் லெவலிலேயே டர்னுக்கு 50 அடி பறக்கலாம். படையே ஏற முடியாத பாறையில் ஒருவன் போய்க் கயிறு கட்டிவிட்டு வந்துவிடுவான். இங்கே தயங்காமல் தடை போடுங்கள். பறக்கும் இனம் இந்தக் கதையில் இல்லை, முடிந்தது. "அப்போ ஃப்ளை ஸ்பெல்?" என்று யாராவது கேட்பார்கள். அது மூன்றாம் நிலை ஸ்பெல். ஐந்தாம் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) அந்த நிலையில் இரண்டு ஸ்லாட்தான், அதாவது நீண்ட ஓய்வு எடுக்கும் வரை இரண்டு முறைதான் போடலாம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், நடுவில் அம்பு பட்டுக் கான்சென்ட்ரேஷன் கலைந்தால் ஆள் கீழே. அதில் விலை இருக்கிறது, பயம் இருக்கிறது, ஆகவே அது இருக்கட்டும்.

இன்னொன்றுக்கு நான் முழுத் தடை போடவில்லை, விலை வைத்தேன். என் மேசையில் நடந்த கதை சங்க காலத் தகடூர் (இன்றைய தர்மபுரி) முற்றுகை. பெருஞ்சேரல் இரும்பொறையின் படை வெளியே, அதியமான் கோட்டைக்குள்ளே, தானியம் நாளுக்கு நாள் குறைகிறது. பசிதான் அந்தக் கதையின் கேள்வி. குட்பெர்ரி என்ற முதல் நிலை ஸ்பெல் பத்துப் பழம் தரும், ஒரு பழம் ஓர் ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. ஒரு டுரூயிட் (இயற்கையிலிருந்து சக்தி பெறும் மந்திரவாதி) இருந்தால் குழுவுக்குப் பசி என்ற சொல்லே மறந்துபோகும். அந்த ஸ்பெல்லுக்குப் புத்தகம் சொல்லும் பொருள் புல்லுருவிக் கொத்து, ஆனால் அது செலவாகாது, ஒரு கொத்தை வைத்துக்கொண்டே காலம் தள்ளலாம். நான் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன்: ஒவ்வொரு முறையும் ஒரு கொத்து செலவாகும். நம் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்குப் புல்லுருவி நன்றாகத் தெரியும், கிளையில் ஒட்டிக்கொண்டு மரத்தை உறிஞ்சும், பார்த்தால் வெட்டி எறிவார்கள். முற்றுகையில் தோப்புகள் எல்லாம் மதிலுக்கு வெளியே, சேரன் பாசறைக்குப் பக்கத்தில். டுரூயிட் வைத்திருந்தவர் அந்த விதியைக் கேட்டதும் கோபப்படவில்லை. அன்று இரவே மதில் தாண்டித் தோப்புக்குப் போக ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த இரவுப் பயணம்தான் முழுக்கதையிலும் எல்லோரும் இன்றுவரை பேசும் ஆட்டம்.

மல்டிகிளாஸுக்கும் இதே வழிதான். 2017-இல் வந்த ஒரு துணைப் புத்தகத்தில் ஹெக்ஸ்பிளேடு என்ற வார்லாக் வகை இருக்கிறது. வார்லாக் என்றால் ஒரு புரவலனோடு ஒப்பந்தம் செய்து சக்தி பெறும் மந்திரவாதி. ஒரே ஒரு லெவல் எடுத்தால் கேடயம், நடுத்தரக் கவசம், வாளைக் கரிஸ்மாவால் வீசும் உரிமை எல்லாம் கிடைக்கும். கரிஸ்மாவை நம்பி இருக்கும் பாலடின், பார்ட் (பாணர்) எல்லோருக்கும் அதன் மேல் ஒரு கண். தகடூர் கதையில் ஒருவர் பாணர், ஔவை தொண்டைமானிடம் தூது போனதுபோலத் தூது போகிறவர். அவரும் அதைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. "சரி, அந்த வாள் எங்கிருந்து வருது?" என்று மட்டும் கேட்டேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து, நடுகல் என்றார். நம் மாவட்டங்களில் ஆநிரை மீட்டு மாண்டவர்களுக்கு நட்ட கல் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அப்படி ஒரு கல்லின் முன்னால் இருந்த வாளை எடுத்தார், கல்லில் நிற்கும் வீரனே வார்லாக்குக்குச் சக்தி தரும் புரவலன். வீரன் ஒரு நிபந்தனை போட்டான்: எங்கே மாடு கவர்ந்த கூக்குரல் கேட்டாலும், எந்த வேலையில் இருந்தாலும், போயே ஆக வேண்டும். தொண்டைமான் அவையில் நிற்கும்போது அந்தக் குரல் கேட்டது. அப்புறம் அவர் பட்ட பாட்டை மேசையே நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தது. விதிப்படி அவர் கேட்ட எல்லாப் பலமும் அவருக்குக் கிடைத்தது, ஒன்றைக்கூட நான் குறைக்கவில்லை.

விதி எழுதியவர்கள் நினைக்காத ஓட்டையில் நுழைவது இதிலிருந்து வேறு. காஃபிலாக் என்று ஒன்று சொல்வார்கள். வார்லாக்கையும் சோர்சரரையும் (பிறவி மந்திரவாதியையும்) கலந்து, தூங்காமலே குட்டி ஓய்வாக எடுத்து எடுத்து ஸ்பெல் ஸ்லாட்டைக் குவித்துக்கொண்டே போவது. அதே 2017 புத்தகம், நீண்ட ஓய்வு எடுக்காதவருக்குக் களைப்பு ஏறும் என்று ஒரு விருப்ப விதி கொடுத்தது. இப்படிப்பட்டதை மேசைக்கு வருவதற்கு முன்பே "இது வேண்டாம்" என்று சொல்லலாம், காரணம்கூடத் தேவையில்லை. உங்கள் பார்பேரியன் அந்த ரகம் இல்லை. அவர் புத்தகம் கொடுத்த ஃபீட்டைப் புத்தகம் சொன்ன வழியில் பயன்படுத்துகிறார்.

அவருக்கு மறுபக்கம் இருக்கும் விலையை நீங்கள் வசூலிக்கிறீர்களா என்பதைப் பாருங்கள். ரெக்லெஸ் அட்டாக் போட்டால் அவருடைய அடுத்த டர்ன் வரை எதிரிகளுக்கும் அவர் மேல் அட்வான்டேஜ். அதை அவர் தாங்குவது ரேஜில் ஆயுத அடி பாதியாகக் குறைவதால். ஐந்தாம் லெவலில் ஒரு நீண்ட ஓய்வுக்கு மூன்று ரேஜ்தான். ஞாயிறு மதியம் ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு சண்டை, அது முடிந்ததும் எல்லோரும் படுத்து எழுந்துவிடுகிறார்கள் என்றால் மூன்றில் ஒன்றுதான் செலவாகிறது, எப்போதும் முழு பலத்தில் நிற்கிறார். 2014 டிஎம் கையேடு ஒரு முழு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு வரை நடுத்தர, கடினச் சண்டைகளைக் கணக்கில் வைத்துத்தான் எழுதப்பட்டது. நம்மால் ஒரு மதியத்தில் அத்தனை ஆட முடியாது. அதற்கு அதே கையேட்டில் இருக்கும் மாற்று விதியை எடுத்துக்கொள்ளுங்கள்: குட்டி ஓய்வு 8 மணி நேரம், நீண்ட ஓய்வு 7 நாள். கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டைக்கு நடந்து போகிற கதைக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. வழியில் ராத்திரி தங்கினாலும் ரேஜ் திரும்பாது. நான்காவது சண்டையில் ரேஜ் இல்லாமல் ரெக்லெஸ் போடலாமா என்று அவர் யோசிக்கும்போது காவல்காரனின் கேடயத்துக்கு மதிப்பு வரும். இந்த மாற்றம் விசார்டையும் கட்டும், ஆகவே ஒருவரைக் குறிவைத்ததாகத் தோன்றாது. குழுவைக் கேட்டுவிட்டு, அடுத்த பயணம் தொடங்கும்போது நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் எதிரிகளை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். மதில் மேல் நாலு வில்லாளி நின்றால் கிரேட்சோர்டு எட்டாது.

புத்தக எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதை நான் முழுக்க ஆதரிக்கிறேன், அதற்குக் காரணம் பலத்தைவிடப் பணம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்தப் புத்தகங்களைக் கடையில் புரட்டிப் பார்த்து வாங்க வழியில்லை, ஆன்லைனில் வாங்கினால் ஒவ்வொன்றும் நல்ல விலை. நாலு புத்தகம் வைத்திருப்பவர் கட்டும் கேரக்டருக்கும் ஒன்றும் இல்லாதவர் கட்டும் கேரக்டருக்கும் வரும் வித்தியாசம் திறமையால் வந்தது இல்லை. அட்வென்ச்சரர்ஸ் லீக் என்ற அதிகாரப்பூர்வப் பொது ஆட்டத்தில் முன்பு ஒரு விதி இருந்தது: பிளேயர்ஸ் ஹேண்ட்புக், அதோடு இன்னும் ஒரே ஒரு புத்தகம். வீட்டு மேசைக்கும் அது நன்றாகப் பொருந்தும். யாரிடமும் புத்தகமே இல்லை என்றால் 2023 ஜனவரியில் திறந்த உரிமத்தில் வெளியிட்ட எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பு இருக்கிறது. இலவசமாக இறக்கி, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு எல்லோர் கையிலும் ஒன்று கொடுக்கலாம், சட்டப்படியும் சரி. அதில் கிளாஸுக்கு ஒரே ஒரு துணைவகை, ஃபீட் என்று பார்த்தால் கிராப்ளர் ஒன்று மட்டும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அதைவிட நல்ல கட்டுப்பாடு எனக்குத் தெரியாது. அதில் ஏற்றத்தாழ்வே பெரிதாக எழாது.

மற்ற ஆட்டங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்ப்பதும் உதவும். 2019-இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஸ்பெல், ஆயுதம், இனம் எல்லாவற்றுக்கும் அரிது, மிக அரிது என்று அடையாளம் உண்டு. அந்த அடையாளம் இருந்தால் நடத்துபவரின் அனுமதியோ கதையில் ஒரு காரணமோ வேண்டும். அனுமதி கேட்பதே விதியின் பகுதி ஆகிவிட்டதால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. 1986-இல் வந்த கர்ப்ஸ் என்ற ஆட்டத்தில் கேரக்டருக்குக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டால் அதைக் கட்டக் கூடுதல் பாயிண்ட் கிடைக்கும். ஆகவே எவ்வளவு குறைபாடு வரை பாயிண்ட் தருவது என்று ஆரம்பத்திலேயே ஒரு வரம்பு சொல்லிவிடுகிறார்கள். இரண்டிலும் பேச்சு கேரக்டர் பிறப்பதற்கு முன்னால் நடக்கிறது. அடுத்த கதையை ஆரம்பிக்கும்போது நீங்களும் ஒரு தாளில் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்: என்ன கதை, எந்தப் புத்தகங்கள், எது இல்லை, ஏன் இல்லை. அந்த "ஏன்" ஒரு வரி இருந்தாலே பாதிச் சண்டை வராது. "பறக்கும் இனம் இல்லை, ஏனென்றால் கோட்டை ஏறுவதுதான் கதை" என்று படித்தவர் யாரும் என்னிடம் மல்லுக்கு நின்றதில்லை.

இப்போதைய கதைக்கு வருகிறேன். எல்லோர் முன்னாலும் பார்பேரியன் பேச்சை எடுக்காதீர்கள். முதலில் காவல்காரனைச் சரி செய்யுங்கள், மற்ற இருவரின் கேரக்டரையும் அதே கண்ணோடு பாருங்கள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று ஞாயிறு ஆடிப் பாருங்கள், ஓய்வு விதியும் வந்திருக்கும். அப்போதும் தூரம் குறையவில்லை என்றால் அவரிடம் தனியாக, நேராகச் சொல்லுங்கள்: "உன் கேரக்டர் தப்பில்ல. ஆனா மத்தவங்களுக்கு முறை வர்றதில்ல. கிரேட் வெப்பன் மாஸ்டரை டர்னுக்கு ஒரு அடிக்கு மட்டும் வெச்சுக்கலாமா, இல்ல அந்த ஃபீட்டுக்குப் பதிலா வேற ஏதாவது எடுத்துக்கறியா? நீயே சொல்லு." முடிவு அவர் வாயிலிருந்து வரட்டும். மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டால் ஒரு பைசாவும் நஷ்டம் இல்லாமல் கேரக்டரை மறுபடி கட்ட விடுங்கள், லெவல், பொருள், பெயர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். நீங்கள் பயப்படுவதுபோல் அவர் வராமல் போகிறார் என்றால், அது விதியைப் பற்றிய கோபமாக இருக்காது, நாலு பேர் முன்னால் குறைத்துப் பேசியதாக அவர் நினைத்ததாகத்தான் இருக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, 2024-இல் வந்த புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் ஃபீட் விருப்ப விதி இல்லை, ஒன்றாம் லெவலிலேயே எல்லோருக்கும் பின்னணியோடு ஒன்று வந்துவிடும். கிரேட் வெப்பன் மாஸ்டரில் அந்த 5 குறைத்து 10 கூட்டும் கணக்கு எடுக்கப்பட்டுவிட்டது. கனமான ஆயுதம் பட்டால் ப்ரொஃபிஷியன்சி போனஸ் அளவுக்கு டேமேஜ் கூடும், ஐந்தாம் லெவலில் அது 3. உங்கள் தலைவலியில் பெரும்பகுதி அங்கே தானாகவே இருக்காது. மாறுவதானால் குழு முழுக்க ஒரே நாளில் மாறுங்கள். ஒருவர் கேரக்டர் பழைய புத்தகத்திலும் இன்னொருவர் புதியதிலும் இருக்க விடாதீர்கள், ஒரே கேரக்டரில் இரண்டையும் கலக்கவும் விடாதீர்கள்.